நீ எழுதிய வார்த்தை

இன்று காலை எழுந்ததும் முதலில் கைகளைக் கழுவினேன். நேற்று மாலை அலுவலகத்திலிருந்து வந்தவுடனே இரண்டு முறை கழுவியிருந்தேன். ஆனாலும் விரலிடுக்குகளில் அந்த வாடை இருந்தது. பழைய கோப்பு அறையின் வாடை. மழைநீரில் ஊறிக் காய்ந்து மறுபடியும் ஊறிய காகிதத்துக்கு வரும் புளித்த நாற்றம். சீயக்காய்த் தூளைப் போட்டுத் தேய்த்தேன். பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியால் தேய்த்தேன். கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் இந்நேரம் கேட்டிருப்பாய்: "காயிதம் இப்பிடி ஆனா தமிழ்ல இன்னாடி சொல்றது?" மக்கிப்போச்சு என்று நான் சொல்லியிருப்பேன். உடனே ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டிருப்பாய்.

நீ இறந்த செய்தி வந்து ஒரு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. பயம் என்பதுதான் உண்மை. இன்று எழுதாவிட்டால் இனி எழுதிப் பயனில்லை என்பதால் எழுதுகிறேன்.

இன்று மதியம் இரண்டு மணிக்குப் பழைய கோப்புகளை ஏற்றிப்போக வண்டி வருகிறது. அதற்குள் ஒரு பட்டியலில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இவையெல்லாம் மக்கிப்போய்ப் படிக்க முடியாத நிலையில் இருக்கின்றன, அழித்துவிடலாம் என்று சான்று சொல்லும் பட்டியல். நான்தான் இப்போது அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர். பட்டியலில் பதினேழாவது வரியில் அந்தப் பள்ளிக்கூடத்துக் கோப்பு இருக்கிறது. நேற்று அதை எடுத்துப் பிரித்தேன். மேலும் கீழும் இருந்த கட்டுகள் கையில் எடுத்ததும் பொடியாக உதிர்ந்தன. அது மட்டும் நடுவில் காய்ந்த இடத்தில் இருந்திருக்கிறது. ஒரு தாள்கூடக் கெடவில்லை. நான் தட்டச்சு செய்த தாளின் அடியில் என் இனிஷியலும், அதற்குப் பக்கத்தில் நீல மையில் உன் இனிஷியலும் நேற்றுப் போட்டவை போல இருந்தன.

அலுவலகத்தில் நம் இருவர் மேசையும் எதிரெதிரே இருந்தது. பாதிக் கோப்புகள் பிரெஞ்சில், பாதி இங்கிலீஷில். அரசாங்கக் கட்டடங்களையும் அரசாங்கம் வாடகைக்கு எடுத்த கட்டடங்களையும் சோதிக்கும் அலுவலகம் அது. பிரெஞ்சுக்காரன் காலத்து ரிப்போர்ட்டை எடுத்து, அன்று சுவர் எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுத்தான் எதையும் முடிவு செய்வார்கள். நீ பிரெஞ்சில் படித்த மொழிபெயர்ப்பாளர். நான் இங்கிலீஷ் பி.ஏ. படித்துவிட்டு, அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்த வருடத்தில், தற்காலிகத் தட்டச்சராக உள்ளே வந்தவள். காலையில் நீ வந்ததும் நலமா என்பதற்கு "சவா?" என்பாய். நான் "சவா" என்று திருப்பிச் சொல்வேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

இங்கிலீஷ் நீ வேலைக்காகக் கற்றுக்கொண்ட மொழி. அதனால் அதில் எந்த வார்த்தையையும் லேசில் நம்பமாட்டாய். புதிதாகக் குடிவந்தவர்களைப் பார்ப்பதுபோல் சந்தேகத்தோடு பார்ப்பாய். அந்த வார்த்தை உன் கண்ணில் முதலில் பட்டது ஒரு மரக்கிடங்கு ரிப்போர்ட்டில். ராட். ஆர், ஓ, டி. தட்டச்சுப் பொறியில் மூன்று தட்டு.

"இது பழத்துக்குச் சொல்றதாச்சே. மரத்துக்கும் இதேவா?"

"இதேதான்."

"பல்லுக்கு?"

"பல்லுக்கும் சொல்லலாம்."

"ஆட்டுக் காலுக்கு?" என்று ஒரு சுற்றறிக்கையை என் பக்கம் தள்ளினாய். ஆட்டுக் குளம்பில் வரும் நோய்க்கும் அதே வார்த்தைதான் போட்டிருந்தது. "மரத்துல வறண்டதுன்னு ஒண்ணு, ஈரமானதுன்னு ஒண்ணு இருக்காமே. வறண்டா எப்பிடிடி அழுகும்?"

நம் அதிகாரிக்கு யாராவது சொன்னது பிடிக்காவிட்டால், என்ன உளறல் என்பதற்கு 'வாட் ராட்!' என்று கத்தும் பழக்கம் உண்டு. அவருக்கு நீ முசியே, பிரெஞ்சில் ஐயா, என்று பெயர் வைத்திருந்தாய். அவர் கத்தும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கோடு போடுவாய், பேச்சும் அழுகும் என்று கணக்கில் சேர்ப்பதற்காக. சிறையில் கிடக்கும் மனிதனுக்கும் இந்த வார்த்தையைச் சொல்வார்கள் என்று நான் சொன்னபோது மட்டும் நீ சிரிக்கவில்லை. "உயிரோட இருக்கறவனுக்கா?" என்றாய்.

நம்மிடம் பழம் அழுகும், சோறு ஊசும், பல் சொத்தையாகும், மரம் உளுத்துப்போகும், துணி இற்றுப்போகும், இலை மக்கும், முட்டை கூமுட்டையாகும் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, நீ விரல் விட்டு எண்ணினாய். முடிவில் சொன்னாய்: "இங்கிலீஷ்காரனுக்கு வாழப்பழமும் ஒண்ணு, உத்திரமும் ஒண்ணு, பொய்யும் ஒண்ணு. எல்லாத்துக்கும் ஒரே மூடியப் போட்டு மூடிட்டான் பாரு."

ஆனால் நம் அலுவலகத்தில் அந்த வார்த்தைக்கு வேறொரு வேலை இருந்தது. ஒரு ரிப்போர்ட்டில் மரம் பழையது என்று எழுதினால், பழுதுபார்க்கும் வரிசையில் அந்தக் கட்டடம் போய் நிற்கும். இரண்டு வருடம், மூன்று வருடம் ஆகலாம். ராட் என்று எழுதினால் ஒரு வாரத்தில் ஆட்களை வெளியேற்ற வேண்டும். அதனால் யாரும் அந்த வார்த்தையை எழுதுவதில்லை. பழையது, தேய்ந்தது, வெயில் மழை பட்டது என்று விதவிதமாக எழுதுவார்கள். கட்டடச் சொந்தக்காரர்களுக்கும் இது தெரியும். சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் உத்திரங்களின் தலைக்குத் தார் பூசிவிடுவார்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் தலையில்தான் ஈரம் தங்கும், அங்கேதான் மரம் முதலில் கெடும். தாரைப் பூசினால் பார்ப்பதற்குக் கருகருவென்று திடமாகத் தெரியும்.

அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் பழைய ரிப்போர்ட்டை மொழிபெயர்த்தபோது உனக்கு ஏதோ உறுத்தியது. முப்பது வருடத்துக்கு முன்பே வடக்கு அறை உத்திரங்கள் பழையவை என்று அதில் எழுதியிருந்தது. "அப்பவே பழசுன்னா இப்ப இன்னா?" என்று சாப்பாட்டு நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கையில் உன் குரோஷே ஊசி. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பின்னல் கற்றதிலிருந்து உன் பையில் அது இல்லாத நாளே இல்லை.

அங்கே அஞ்சலைதான் நமக்கு ஏணி கொண்டுவந்து கொடுத்தாள். கூட்டிப் பெருக்கி, மணி அடித்து, பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் அஞ்சலை. நீ கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாம்மா, தொரசாணிமாரி இருந்துக்கினு பல்லி புடிக்கவா ஏர்ற?"

"நீ ஏணியப் புடி. பல்லி கெடைச்சா ஒனக்குத்தான்."

புதுத் தாரின் வாடை அறை முழுக்க இருந்தது. நாலாவது உத்திரத்தின் தலையில் நீ ஊசியை வைத்து அழுத்தினாய். அடுத்த நொடி உன் விரல்கள் மரத்தில் முட்டி நின்றன. ஊசி முழுவதும் உள்ளே போயிருந்தது. நீ கீழே என்னைப் பார்த்தாய். "வெந்த பனங்கெழங்குல போறமாரி போவுதுடி" என்றாய். ஐந்தாவதிலும் அப்படியே. அஞ்சலை சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த ரூம்புலதாம்மா பாப்பாங்களுக்கு தையல் சொல்லிக் குடுக்கறாங்க" என்றாள்.

அன்று மாலையே நீ உன் கையெழுத்தில் வரைவு எழுதினாய். வடக்கு அறை, நாலு, ஐந்து உத்திரங்கள், சுவரில் தாங்கும் இடத்தில் ராட். பென்சிலால் அந்த வார்த்தைக்கு அடியில் கோடும் போட்டாய். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மறுநாள் மதியம் முசியே என்னை மட்டும் கூப்பிட்டார்.

"ஏம்மா, நடு வருஷத்துல பள்ளிக்கூடத்த எங்க தூக்கிட்டுப் போவாங்க? பரீட்சை முடியட்டும், நானே நின்னு ரிப்பேர் பண்ண வெக்கிறேன். பழசு, 'ஏஜ்டு'ன்னு அடிச்சிடு."

"வரைவுல வேற இருக்குங்க சார்."

"வரைவ இப்பிடிக் குடு." வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். பிறகு இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். "ஒன் நிரந்தர உத்தரவு. எங்கிட்டதான் இருக்கு. இந்த மாசத்துலயே அனுப்பிடலாம்னு பாக்கறேன்."

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. நல்ல செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார். நானும் நல்ல செய்தி கேட்டவள்போலத்தான் வெளியே வந்தேன்.

நம் அலுவலக வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டச்சு முடிந்ததும் ஒருவர் வரைவைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் அடித்த தாளை விரலால் தொட்டுக்கொண்டே வர வேண்டும். பிறகு இருவரும் அடியில் இனிஷியல் போட வேண்டும். அந்த இரண்டு இனிஷியல் விழுந்துவிட்டால் வரைவுக்கு மதிப்பில்லை, கிழித்துப் போட்டுவிடுவார்கள். நாம் இருவரும் மூன்று வருடமாக அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தோம். காற்புள்ளி, முற்றுப்புள்ளியைக்கூட விடாமல் படிப்பாய்.

அன்று சனிக்கிழமை. உனக்கு மாதா கோவிலில் பாட்டுப் பயிற்சி. குடையை எடுத்துக்கொண்டு நின்றபடியே கேட்டாய்.

"படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன்."

"நீ படிச்சா நான் படிச்சமாரிதான்."

பேனாவை எடுத்து இனிஷியல் போட்டாய். தாளின் மேல் பாதியை என் உள்ளங்கை மூடியிருந்தது. நான் வேண்டுமென்றே அப்படி வைக்கவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, கார்த்திகை மழையில், மாலை மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போன பிறகு நாலாவது உத்திரம் இறங்கியது. அறையில் அஞ்சலை மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தாள். அரைமணி முன்னால் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று ஊரே பேசியது. அஞ்சலைக்கு என்ன ஆனது என்று பேசியவர்கள் குறைவு. நாம் இருவரும் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனோம். நான்காம் நாள் மருத்துவர் உத்திரத்தின் அடியில் நசுங்கிய அவள் வலது பாதத்தைக் காட்டி, "அழுகல் மேல ஏறுது, எடுத்தாகணும்" என்றார். அஞ்சலை நம்மைப் பார்த்து, "பல்லி புடிக்கத்தானம்மா ஏணியப் புடிச்சேன்" என்று சொல்லிச் சிரிக்க முயன்றாள். நீ அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் வெளியே போய்விட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் நீ என்னைக் கேட்டாய். அதற்குள் முசியே நான் அடித்த தாளை உன்னிடம் காட்டியிருந்தார்.

"நான் ராட்டுன்னுதானடி எழுதினேன்?"

ஊரிலிருந்து வந்த நோயாளிகள் மூட்டையும் பாயுமாக நம்மைச் சுற்றி நின்றார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும். என் நிரந்தர உத்தரவு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

"வரைவுல இருந்ததத்தான் அடிச்சேன்" என்றேன்.

நீ என்னைச் சந்தேகப்படுவாய் என்று நினைத்தேன். சண்டை போடுவாய் என்று காத்திருந்தேன். நீ உன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அப்ப பழைய ரிப்போர்ட்டுல இருந்தத அப்பிடியே எறக்கிட்டனா நானு? பழசுன்னு இருந்துச்சே, அதையே எழுதிட்டனா?" என்று உன்னையே கேட்டுக்கொண்டாய். பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கடைசி வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாய். நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

விசாரணையில் உன்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். இந்த இனிஷியல் உன்னுடையதுதானே? "என்னுதுதான்" என்றாய். மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். நீயே வேலையை விட்டாய். அடுத்த வருடம் தம்பியோடு பிரான்ஸுக்குப் போய்விட்டாய். புறப்படும் நாளில், "இந்தக் கைய நம்பி இனிமே ஒரு வரி எழுதமாட்டேன்" என்று சொன்னாய். எழுதவும் இல்லை. அங்கே ஒரு சலவைக் கடையில் மடித்து அடுக்கும் வேலை பார்த்தாய். கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையில்கூட உன் பெயரைத் தம்பி மகள்தான் எழுதுவாள்.

பதின்மூன்று வருடம். அஞ்சலை பள்ளிக்கூட வாசலிலேயே நெல்லிக்காயும் வேர்க்கடலையும் விற்கிறாள். நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. உன் அம்மா மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புதுச் சேலையோடு அவள் வீட்டுக்குப் போய், மகளுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறார்கள். ஒருமுறை அவர்களே என்னிடம் சொன்னார்கள்: "எம் பொண்ணு ஒரு வார்த்தயத் தப்பா எழுதி ஒருத்தி கால வாங்கிட்டாளே." நான் அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உன் தம்பியின் கடிதம் வந்தபோது, கண் சரியாகத் தெரியவில்லை என்று உன் அம்மா என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். சத்தமாகப் படித்தேன். கடைசி வாரம் காய்ச்சலில் நீ அஞ்சலை எப்படி இருக்கிறாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாயாம். அந்த வரிக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். "படிம்மா, வுட்டுடாத, எல்லாத்தையும் படி" என்றார்கள்.

நேற்று முசியே தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். முடியெல்லாம் நரைத்து, கண்ணாடி தடித்து, ஆள் தளர்ந்திருக்கிறார். பதினேழாவது கோப்பு நல்ல நிலையில் இருக்கிறதே என்றேன்.

"எல்லாம் ஒண்ணாதான் கெடந்துச்சு. ஒண்ணு மக்கி ஒண்ணு மக்காம இருக்குமா?"

"பிரிச்சிப் பாத்தேங்க சார். ஒரு எழுத்துகூட அழியல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒங்க சிநேகிதி போயிட்டதாக் கேள்விப்பட்டேன். இது போனா அவங்களுக்கும் நல்லதுதானே? குத்தம்னு பேரு எங்கயும் இருக்காது. ஒங்களுக்கும் நல்லது. ஒங்க இனிஷியலும் அதுல இருக்கு."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றியதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஒரு கையெழுத்து. வண்டி வரும், ஏற்றிப்போவார்கள், காகித ஆலையில் கூழாக்கிவிடுவார்கள். உன்மேல் எழுதிய குற்றம் போய்விடும். என்னுடையதும் போய்விடும். கெட்டுப்போனதை வெறும் பழையது என்று அன்று அடித்தேன். திடமாக இருப்பதைக் கெட்டுப்போனது என்று இன்று எழுத வேண்டும்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்தத் தாளையும் வாய்விட்டுப் படிக்காமல் நான் இனிஷியல் போடுவதில்லை. பிரிவில் இருக்கும் சின்னப் பெண்கள் இதற்காகவே எனக்கு 'ரேடியோ மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதுபடவே, "ரேடியோ ஆரம்பிச்சிடுச்சிடி" என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். ஏன் படிக்கிறேன் என்று சொன்னதில்லை.

பதினேழாவது வரியை அடித்துவிடப்போகிறேன். அந்தக் கோப்பில் என் கையால் ஒரு தாள் எழுதிச் சேர்க்கப்போகிறேன். வரைவில் இருந்தது ராட் என்ற வார்த்தை, அதை மாற்றி அடித்தது நான், மொழிபெயர்ப்பாளருக்கு அது தெரியாது, அவர் என்னை நம்பிப் படிக்காமல் இனிஷியல் போட்டார் என்று. மாற்றச் சொன்னவர் யார் என்பதையும் எழுதுவேன். வரைவு இல்லை, சாட்சி இல்லை. நான் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்துவிடலாம். அப்போது என் சொல் மட்டும்தான் நிற்கும். தாளின் நகல் அவருக்கு மேல் உள்ளவருக்கும் போகும். அதன் பிறகு வேலை இருக்குமா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

உன் அம்மா காலைப் பூசை முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவார்கள். அலுவலகத்துக்கு முன்னால் அங்கேதான் போகிறேன். உங்கள் பெண் சரியாகத்தான் எழுதினாள் என்று சொல்வேன். காப்பி கொடுத்தால் வாங்கமாட்டேன். அவர்கள் என்ன சொன்னாலும், எவ்வளவு நேரம் சொன்னாலும், இந்த முறை வெளியே போகாமல் நின்று கேட்பேன்.